இருநூற்று எண்பத்தேழாம் பக்கம்

ஊருக்கு ஹால்வர் ஃபால்ஸ் என்று பெயர். அருவி எதுவும் கிடையாது. வடக்கு டகோடாவில் தண்ணீர் விழுவதற்கு மேடு வேண்டுமே, அதற்கு எங்கே போவது? பெயர் வைத்தவர் எந்த ஆணையத்துக்கும் சான்று காட்ட வேண்டியிருக்கவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஊர்க் கல்லூரிக்குப் பெருஞ்சமவெளி வட்டார அங்கீகார ஆணையத்திடமிருந்து கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை, கார்லா பிரெக்கஸ் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகவில்லை. அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அது. அந்த நேரத்தில் அவள் ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு விவசாயியை முதுகில் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று தன் நர்சிங் மாணவிகள் ஒன்பது பேருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாக அவள் செய்துவந்த வேலை அதுதான்.

ஒன்பது பேரில் ரோண்டா அஸ்யூருக்கு வயது முப்பத்தெட்டு. பதினேழு வருஷம் அறுவடைக் காலத்தில் சர்க்கரைக் கிழங்கு லாரி ஓட்டியவள். இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை, இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் இனி லாரி ஏற முடியாது என்று டாக்டர் சொன்ன மறுநாள் கல்லூரியில் வந்து பெயர் கொடுத்தவள். விவசாயியின் தோளுக்கடியில் அவள் கை கொடுத்த விதத்தைப் பார்த்ததுமே கார்லாவுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிக் கொடுத்து வருகிற கை இல்லை அது.

"எங்கே கத்துக்கிட்டே?" என்றாள்.

"எங்கப்பாவை நாலு வருஷம் புரட்டினேன் டீச்சர்."

மத்தியானம் கார்லா கல்லூரிக்குத் திரும்பியபோது கூட்டம் முடிந்திருந்தது. மேசை மேல் தட்டில் ஒரே ஒரு எலுமிச்சைப் பட்டைக் கேக், அதிலும் பாதி, அந்தப் பாதியிலும் பாதி கிடந்தது. அந்த ஊர்க்காரர்கள் உயிரே போனாலும் தட்டில் இருக்கும் கடைசித் துண்டை எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவைப்பார்கள், அடுத்தவர் அந்த மீதியைப் பாதியாக வெட்டுவார். கண்ணுக்குத் தெரியாத பொடியாகும் வரை இது நடக்கும்.

கல்லூரித் தலைவர் வெயின் ஓப்பெகார்ட் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

"கார்லா, வாழ்த்துக்கள்! தன்னாய்வுக் குழுவுக்கு உங்களைத்தான் ஏகமனதாத் தலைவரா போட்டிருக்கு."

"நான் கூட்டத்துலயே இல்லையே?"

"அதான் ஏகமனதா முடிஞ்சுது" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

ஆணையம் என்பது அரசாங்கம் அல்ல. கல்லூரிகள் தாங்களாகவே சந்தா கட்டிச் சேரும் சங்கம். சேராவிட்டால் யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள். மாணவர்களுக்கு அரசாங்கக் கடன் வராது, இங்கே படித்ததை வேறு கல்லூரி ஏற்காது, நர்சிங் முடித்தவர்கள் உரிமத் தேர்வு எழுத முடியாது, அவ்வளவுதான். ஆகவே அதற்குத் தன்னார்வ அங்கீகாரம் என்று பெயர். கடிதத்தின் கடைசி வரியிலும் அதுவே இருந்தது: 'இதில் பங்கேற்பது முழுக்க முழுக்க உங்கள் விருப்பம்.' அந்த வரியைப் படித்தபோது கார்லாவுக்கு முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ ஓடியது. அக்டோபர் மாசம், ஜன்னல் திறந்திருக்கிறது என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

தன்னாய்வு என்றால் கல்லூரி தன்னைத் தானே ஆராய்ந்து அறிக்கை எழுதுவது. ஐந்து அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் நான்கு கிளை, ஒவ்வொரு கிளைக்கும் இலைகள். எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று வேண்டும். 'எங்கள் கல்லூரியில் வகுப்புகள் நடக்கின்றன' என்று கார்லா முதல் வாக்கியம் எழுதினாள். அதற்கு என்ன சான்று என்று ஆணையத்தின் வழிகாட்டி நூல் கேட்டது. வகுப்பு நடக்கிறதா என்று கூடிப் பேசிய கூட்டத்தின் குறிப்பு சான்று. அந்தக் கூட்டம் முறையாக நடந்ததற்கு, அதை மதிப்பிட்ட இன்னொரு கூட்டத்தின் குறிப்பு சான்று. வகுப்பு மட்டும் சான்று இல்லை.

குறிப்புகள் சேரச் சேர இடம் போதவில்லை. நர்சிங் பயிற்சிக் கூடத்தைக் காலி செய்து அதைச் சான்று அறை ஆக்கினார்கள். ஊசி போட, கட்டுப் போட, மூச்சு கொடுக்கப் பழகும் ஆளுயர ரப்பர் பொம்மைகள் ஆறும் கட்டிலோடு நடைபாதைக்கு வந்தன. போகிற வருகிறவர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வாயைப் பிளந்து கூரையைப் பார்த்தபடி அவை வரிசையாகக் கிடந்தன, யாரும் வந்து பார்க்கவில்லை. முதல் வாரம் சங்கடமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கல்லூரியின் நோக்க வாசகம் அச்சிட்ட அட்டை வந்தது. பின்னைக் குத்திச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். 'மாறிவரும் உலகில் மாணவரை மையமாகக் கொண்டு மேன்மையை நோக்கி இடையறாது பயணிப்போம்.' ஆணையம் அனுப்பும் மதிப்பீட்டுக் குழு வரும்போது யாரை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி இதைப் பார்க்காமல் சொல்லச் சொல்லலாமாம், ஒருவர் திக்கினாலும் கல்லூரிக்கு ஒரு கறுப்புப் புள்ளியாம். வெயின் ஓப்பெகார்ட் ஒத்திகைக்காகத் தானே மதிப்பீட்டாளராக வேஷம் போட்டுக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போனார். நிலவறையில் பாய்லர் பார்க்கும் டேலைப் பிடித்தார்.

"டேல், நாம எதை நோக்கிப் பயணிக்கிறோம்?"

"நானா? அஞ்சு மணிக்கு வீட்டை நோக்கி."

"மேன்மை, டேல். மேன்மையை நோக்கி. எப்படி?"

"இந்த வால்வு கசியுது சார். புதுசு வாங்கித் தாங்கன்னு நாலு மாசமா கத்தறேன். வெளியில மைனஸ் முப்பது. இது நின்னுச்சுன்னா உங்க மேன்மை ஒரு மணி நேரத்துல உறைஞ்சு கட்டியாயிடும்."

"இடையறாது, டேல்" என்றார் தலைவர் பொறுமையாக. "இடையறாதுங்கறதை விட்டுடாதே."

டேல் கடைசி வரை மனப்பாடம் செய்யவில்லை. மதிப்பீட்டுக் குழு வரும் மூன்று நாளும் அவனைச் சம்பளத்தோடு விடுப்பில் அனுப்புவதென்று ஒரு கூட்டத்தில் முடிவானது. அந்தக் கூட்டக் குறிப்பும் சான்றாயிற்று.

இதற்கிடையில் ஒன்பது மாணவிகளும் என்ன ஆனார்கள்? அதைத்தான் கார்லா ஒரு ஜனவரி நாளில் கணக்குப் பார்த்தாள். கடிதம் வருவதற்கு முன்னால் அவர்கள் வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் பக்கத்தில் நின்றார்கள். பக்கத்தில் அவளோ இன்னொரு ஆசிரியையோ நின்றார்கள். இப்போது ஐந்து மணி நேரம். மீதி ஏழு மணி நேரம் ஆசிரியைகள் அறிக்கை எழுதினார்கள். எழுத ஆள் போதாதபோது மாணவிகளையும் சான்றுகளுக்கு எண் ஒட்ட உட்கார்த்தி வைத்தார்கள்.

அறிக்கையில் 'எங்கள் குறைகள்' என்று ஒரு பகுதி உண்டு. ஒரு குறையாவது எழுதியாக வேண்டும் என்பது விதி. வெயின் ஓப்பெகார்ட் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்:

"கார்லா, குறை எழுதறது ஒரு கலை. 'எங்க ஆசிரியர்கள் மாணவர்கள் மேல அளவுக்கு மீறின அக்கறை வெச்சிருக்காங்க, அதைக் கொஞ்சம் சீர்படுத்தணும்'னு எழுதுங்க. எல்லாக் கல்லூரியும் அதைத்தான் எழுதும்."

"அது குறையா?"

"அதான் அழகு!"

அந்த ஊர் ஜனங்களுக்குத் தங்களைப் பற்றிப் பெருமை பேச வராது. தங்கள் வீடு எரிந்துபோனாலும், இன்னும் மோசமாகப் போயிருக்கலாம் என்பார்கள். அதே ஜனங்களிடம் உன் தப்பு என்ன என்று முறையாகக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவத்தைச் சொல்வதைப் போல ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். கார்லாவும் அப்படித்தான் வளர்ந்தவள். கேட்கிறார்களே, பதில் சொல்ல வேண்டாமா என்றுதான் நினைத்தாள். அச்சுக்குப் போவதற்கு முன்னால் இருநூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் எழுதினாள்: 'இந்த அறிக்கையைத் தயாரித்ததால் எங்கள் மாணவிகள் நோயாளிகளுடன் செலவிடும் நேரம் வாரம் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரமாகக் குறைந்துவிட்டது. இது எங்கள் குறை. வருந்துகிறோம்.' சான்றாக ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டையும் சேர்த்தாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவ்வளவையும் யார் படிக்கப் போகிறார்கள்? தலைவர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரியில் மூன்று பேர் வந்தார்கள். சாம்பல் நிற வண்டி, சாம்பல் நிறக் கோட்டு. வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் மூன்று பேரும் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்கள், சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்த மாதிரி. தலைவி டாக்டர் மெரடித் ஸ்ட்ராட்டன், பஞ்சு போன்ற குரல், பேசும்போது எதிரே இருப்பவர் முழங்கையைத் தொட்டுக்கொண்டே பேசுவாள். இரண்டாமவர் டாக்டர் லெனார்ட் குவிம்பி, பருத்த மனிதர், அளவீட்டில் முனைவர். எதை அளப்பது என்று கார்லா கேட்டதற்கு, "பொதுவாக" என்றார். மூன்றாமவர் வாய் திறக்கவில்லை. யாராவது பேசத் தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே இருந்தார். அந்த மூன்று நாளில் அவர் பெயரைக் கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"வகுப்பைப் பாக்க வர்றீங்களா?" என்று கார்லா முதல் நாளே கேட்டாள். "பத்து மணிக்கு ரத்த அழுத்தம் எடுக்கப் பழகறாங்க."

மெரடித் ஸ்ட்ராட்டன் அவள் முழங்கையைத் தொட்டாள். "கண்ணு, நாங்க வகுப்பைப் பாக்க வரலை. வகுப்பு நடக்குதுன்னு நீங்க எவ்வளவு தூரம் நிரூபிக்கறீங்கன்னு பாக்க வந்திருக்கோம். போய்ப் பாத்துட்டோம்னா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். இருபது வருஷத்துல நான் ஒரு வகுப்பறைக்குள்ளயும் கால் வெச்சதில்லை. அதனாலதான் என்னை நடுநிலையானவள்னு சொல்றாங்க."

அன்றைக்கு வரவேற்பு விருந்து. ஊர்ப் பெண்கள் உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் சேர்த்து அடுப்பில் சுட்ட பதார்த்தம், உருளைக்கிழங்கு ரொட்டி, கறி உருண்டை எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். பரிமாறியவர்கள் நர்சிங் மாணவிகள். சாப்பிட்டு முடியும் நேரம் தட்டில் ஒரே ஒரு கறி உருண்டை மிஞ்சியது. எல்லோரும் அதைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள். வெயின் ஓப்பெகார்ட் கத்தியை எடுத்துப் பாதியாக வெட்டக் கை நீட்டினார். அதற்குள் குவிம்பி அதை முழுசாக முள்கரண்டியில் குத்தி வாயில் போட்டுக்கொண்டார். கூடமே மூச்சை அடக்கிக்கொண்டது. இப்படி ஒரு மனிதனை அந்த ஊர் பார்த்ததில்லை. இவர்கள் எதையும் மிச்சம் வைக்க மாட்டார்கள் என்று கார்லாவுக்கு அந்த நொடியில் தோன்றியது.

உருண்டை குவிம்பியின் தொண்டையில் சிக்கிக்கொண்டது. முகம் சிவந்து, பிறகு நீலமானது. கை மேசையைத் தட்டியது, ஒரு கிண்ணம் உருண்டது. மெரடித் ஸ்ட்ராட்டன் கால அட்டவணையைப் பார்த்தாள். மூன்றாமவர் நேரம் குறித்தார். யாரும் அசைவதற்குள் ரோண்டா கையிலிருந்த தட்டுகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அந்தப் பருத்த உடம்பைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, விலா எலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து மேல்நோக்கி ஒரு குத்து, இன்னொன்று, மூன்றாவது. உருண்டை பறந்துபோய் நோக்க வாசகப் பதாகையில் ஒட்டியது.

குவிம்பி நாற்காலியில் சரிந்து மூச்சு வாங்கினார். கண்ணில் நீர் வழிந்தது. ரோண்டா மண்டியிட்டு அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், மெதுவா, மெதுவா விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு பெருமை கார்லாவுக்கு வந்ததில்லை.

பேச்சு வந்ததும் குவிம்பி கேட்ட முதல் கேள்வி: "இதை... இதை எதுல பதிவு பண்றீங்க?"

"சார்?" என்றாள் ரோண்டா.

"அதாவது, இந்தத் திறமை வர்றதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணோட நிலை என்னன்னு அளந்து வெச்சிருக்கீங்களா? முன்நிலை இல்லாம பின்நிலைக்கு மதிப்பில்லையே."

கார்லாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், உங்க உயிரைக் காப்பாத்தியிருக்கா. நீங்க உக்காந்து பேசறதே சான்றுதானே?"

மெரடித் ஸ்ட்ராட்டன் முழங்கையைத் தொட்டாள். "இது ஒரு சம்பவம், கண்ணு. எங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். ஆனா நாங்க சம்பவத்தைப் பாக்கறதில்லை, போக்கைத்தான் பாப்போம்."

"போக்குன்னா இன்னும் எத்தனை பேர் விழணும்?"

"குறைஞ்சது மூணு சுற்று" என்றார் குவிம்பி, வாயைத் துடைத்துக்கொண்டு. மூன்றாமவர் அதையும் குறித்துக்கொண்டார்.

மறுநாள் மெரடித் ஸ்ட்ராட்டன் கார்லாவைச் சான்று அறைக்குத் தனியாகக் கூப்பிட்டாள். கோப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன. விளக்கு ஒன்றுதான் எரிந்தது.

"நானூத்திப் பன்னெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. நானூத்திப் பதினோரு பக்கம் எல்லாக் கல்லூரியிலயும் ஒண்ணுதான். நாங்க அதைப் படிக்கறதில்லை, எடை போட்டு வெச்சுக்குவோம். ஆனா உங்க இருநூத்தி எண்பத்தேழாம் பக்கத்துல நின்னுட்டோம்." அவள் குரல் இன்னும் மெதுவானது. "எவ்வளவு நேர்மை! எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அப்ப அந்தக் குறையை..."

"அதை நாங்களாக் கண்டுபிடிச்சிருந்தா விட்டிருப்போம். எங்க கண்ணுல எதுவும் படாது, படற இடத்துக்கு நாங்க போறதே இல்லை. நீங்க எழுதிட்டீங்களே. எழுதினா அது சான்று ஆயிடுது. சான்று வந்துட்டா நாங்க என்ன பண்ண முடியும் சொல்லுங்க? எங்க கையில ஒண்ணுமில்லை." உண்மையிலேயே கையை விரித்துக் காட்டினாள், வெறுங்கைதான்.

"நேரம் குறைஞ்சதே இந்த அறிக்கையாலதானே மேடம்?"

"அப்படித்தான் எழுதியிருக்கீங்க. ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க."

மூன்றாம் நாள் முடிவு வாசிப்பு. குழு வாசிக்கும், கல்லூரி கேட்கும், கேள்வி கிடையாது என்பது மரபு. மொத்தக் கல்லூரியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. மெரடித் ஸ்ட்ராட்டன் ஆறு நிமிஷம் வாசித்தாள், அதில் ஐந்து நிமிஷம் இருநூற்று எண்பத்தேழாம் பக்கத்தைப் பற்றி. கடைசிச் சொல்லோடு மூன்று பேரும் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். வெளியே பனி அடித்தது. வண்டியின் தடத்தை ஐந்து நிமிஷத்தில் மூடிவிட்டது. யாரும் வரவேயில்லை என்று சொன்னால் நம்பிவிடலாம்.

"ஏம்மா எழுதினே?" என்று மட்டும் கேட்டார் வெயின் ஓப்பெகார்ட். அவ்வளவு வருஷத்தில் அவர் அவளை ஒருமையில் கூப்பிட்டது அன்றுதான்.

மார்ச்சில் ஆணையத்தின் கடிதம் வந்தது. நோயாளிகளுடன் செலவிடும் நேரம் குறைந்ததைக் குறித்து ஆணையம் ஆழ்ந்த கவலை கொண்டிருந்தது. ஆகவே அந்த நேரம் ஏன் குறைந்தது என்று ஆராய நர்சிங் ஆசிரியைகள் அனைவரும் ஒரு கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும், அது வாரம் பன்னிரண்டு மணி நேரம் கூட வேண்டும். கார்லா பிரெக்கஸ் கற்பித்தலிலிருந்து விடுவிக்கப்பட்டு முழுநேர அங்கீகார அலுவலராக வேண்டும், நேர்மையாக எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால். இரண்டுக்கும் சம்மதம் என்றால் கல்லூரிக்கு இரண்டு வருஷம் அவகாசம். இல்லையென்றால் மே முதல் தேதியோடு அங்கீகாரம் முடிகிறது. கடைசி வரி மாறவில்லை: 'இது முழுக்க முழுக்க உங்கள் விருப்பம்.'

பட்டமளிப்பு மே பதினான்காம் தேதி.

கார்லா கடிதத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய் ஒன்பது பேருக்கும் படித்துக் காட்டினாள். ஒளிக்க அவளுக்குத் தெரியாது. ரோண்டாதான் முதலில் பேசினாள்.

"டீச்சர், நீங்க போயிட்டா எங்களுக்கு யார் காட்டித் தருவாங்க?"

"நடைபாதையில பொம்மை இருக்கு. செய்முறைத் தாள் தருவாங்க. பாத்து டிக் போடணும்."

"பொம்மை வலிக்குதுன்னு சொல்லுமா?"

"சொல்லாது."

"வேணாம் டீச்சர், கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து.

ரோண்டா திரும்பி அவளைப் பார்த்தாள். "உனக்கு இருபது வயசு, நீ வேற ஊர் போய்ப் படிப்பே. எனக்கு இருபத்தெட்டாயிரம் டாலர் கடன், ரெண்டு பிள்ளைங்க, ஒரு தேஞ்ச இடுப்பு." பிறகு கார்லாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போட்டுடுங்க டீச்சர். கேக்கவே எனக்கு வெக்கமா இருக்கு. போட்டுடுங்க."

கார்லா போட்டாள். தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அதற்குள் அவளுக்கு அழுவதற்கும் ஒரு படிவம் இருக்கும் என்று தோன்றிவிட்டது.

மே பதினான்காம் தேதி ஒன்பது பேரும் பட்டம் வாங்கினார்கள், பிறகு உரிமத் தேர்வும் தேறினார்கள். ஆணையம் பாராட்டி எழுதியது: நூற்றுக்கு நூறு. கார்லா கையெழுத்துப் போட்டதிலிருந்து பட்டமளிப்பு வரை அவர்கள் நோயாளிகளின் பக்கத்தில் நின்ற நேரம் பூஜ்யம். பூஜ்யம் என்பது எட்டு வாரமாக ஏறாமலும் இறங்காமலும் இருந்ததால், கண்காணிப்புக் குழுவின் அறிக்கையில் அது 'நிலைத்தன்மை' என்ற தலைப்பில் வந்தது. எழுதியவள் கார்லா. அதைப் பற்றிக் கேட்டு எந்தக் கடிதமும் வரவில்லை. எப்படி எழுத வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிட்டாள்.

அடுத்த ஜனவரியில் ஒரு காலை, கல்லூரி வாசல் பனிக்கட்டியில் கார்லா வழுக்கி விழுந்தாள். பாய்லர் வால்வு போய், குழாய் வெடித்து, வாசலெல்லாம் தண்ணீர் ஓடி உறைந்திருந்தது. தொடை எலும்பு முறிந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் தகடு வைத்துக் கட்டிலில் போட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வலி பொறுக்க முடியவில்லை. தலைமாட்டு மணியை அழுத்தினாள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து நிமிஷம் யாரும் வரவில்லை. எதிர் அறையிலும் சிவப்பு விளக்கு எரிவது கதவு இடுக்கில் தெரிந்தது. அதற்கடுத்த அறையிலும். கழுத்தைத் திருப்ப முடிந்த அளவு திருப்பிப் பார்த்தாள், நடைபாதை முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. எங்கோ ஒரு மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பல குரல்கள் சேர்ந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தன.

முக்கால் மணி நேரம் கழித்து ரோண்டா வந்தாள். வெள்ளைச் சட்டை, அதில் குத்திய ஓர் அட்டை. ஒரு கையில் சின்னக் காகிதக் கிண்ணத்தில் இரண்டு மாத்திரை, இன்னொரு கையில் தடித்த கோப்பு.

"டீச்சர்! மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க. வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை?"

"ஒன்பது."

ரோண்டா கிண்ணத்தைச் சுவரோரம் இருந்த மேசை மேல் வைத்துவிட்டு, பேனாவை எடுத்து ஒன்பது என்று எழுதினாள். முகம் வாடி, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"உனக்கு என்னடி ஆச்சு?"

"ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரக் குழு வருது டீச்சர், அடுத்த மாசம். என்னைத் தலைவியாப் போட்டுட்டாங்க. நான் கூட்டத்துலயே இல்லை. நாலாம் நம்பர் தாத்தாவுக்குக் கட்டு மாத்திட்டிருந்தேன்." அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். "எல்லாம் எழுதிட்டேன். 'எங்கள் குறைகள்'னு ஒண்ணு இருக்கு, அதுல நிக்குது. மணி அடிச்சா முன்னெல்லாம் ரெண்டு நிமிஷத்துல போவோம், இப்ப முக்கால் மணி ஆகுது, இந்த வேலையாலதான். அதை அப்படியே எழுதிடவா? நீங்கதான் நேர்மையா எழுதணும்னு..."

கார்லாவின் கண் காகிதக் கிண்ணத்தின் மேல் இருந்தது. கால் எரிந்துகொண்டிருந்தது. இந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள், அவள் கழுத்தில் இருபத்தெட்டாயிரம் டாலர் கடன்.

"எழுதாதே" என்றாள்.

"டீச்சர்?"

"நோயாளிகள் மேல அளவுக்கு மீறின அக்கறை வெச்சிருக்கோம், அதைக் கொஞ்சம் சீர்படுத்தணும்னு எழுது."

ரோண்டா அவளையே பார்த்தாள். "அது குறையா?"

ரோண்டாவின் பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது, பிறகு இறங்கியது. எழுதி முடித்தபோது ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள், கோப்பை அணைத்துக்கொண்டாள், "ஒரே நிமிஷம் டீச்சர், வந்துடறேன்" என்று ஓடினாள். இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து ஓடும் அந்த ஓட்டம் நடைபாதையில் தேய்ந்து மறைந்தது.

மாத்திரைக் கிண்ணம் சுவரோர மேசையிலேயே இருந்தது. கார்லா கையை நீட்டினாள். ஒரு முழம் எட்டவில்லை. மணியை அழுத்தினாள், விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. தலையணையில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்தாள்.

மூடிய கதவுக்குப் பின்னால் மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை சொற்கள் தெளிவாகக் கேட்டன. மாறிவரும் உலகில் நோயாளியை மையமாகக் கொண்டு... யாரோ ஒருவர் நடுவில் திக்கினார், எல்லோரும் நிறுத்தினார்கள்.

"இடையறாது" என்று கார்லா கட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.